மூட்டைக்கு ஒரு நாக்கு

“நீ முன்னாடி போ அம்மாசி. கரியாலூர் பஸ்ஸ வுட்டுட்டா அப்புறம் சாயங்காலம் வரைக்கும் நிக்கணும்.”

கலையரசி தன் மூட்டையோடு ஒதுங்கி வழிவிட்டாள். “நீ நல்லா இருப்பக்கா” என்று மலைக்காரி அம்மாசி மனதாரச் சொல்லிவிட்டு முன்னே போனாள்.

கள்ளக்குறிச்சியில் ஹயாத் பாஷாவின் மூலிகைக் கடையில் சிறுகுறிஞ்சானுக்கு ஒரே பரிசோதனைதான். காய்ந்த இலையை மென்று துப்பிவிட்டு, நாக்கில் ஒரு சிட்டிகை சர்க்கரை போட வேண்டும். இனிப்பு தெரியவில்லை என்றால் சரக்கு தேறியது. சர்க்கரை நோய் மருந்துக்குப் போகிற இலை அல்லவா!

அம்மாசியின் இலையை மென்ற பாஷா, சர்க்கரையைச் சப்பிவிட்டுச் சிரித்தார். “மண்ணு திங்கிற மாதிரி கீது! மலைச் சரக்குன்னா இதான்.”

அம்மாசி மூட்டையை இறக்கிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

“இப்ப என்னுத பாருங்க பாய்” என்றாள் கலையரசி, தெம்பாக.

“உன்னுதா? ரெண்டு வாட்டி பாத்தாச்சேம்மா. சர்க்கரை சர்க்கரையாவேல்ல இனிச்சுது!”

“அம்மாசிகிட்ட வாங்கி நட்ட கொடிதான் பாய். அதே கொடி, அதே இலை.”

“கொடி ஒண்ணுதாம்மா, எடம் வேறல்ல? அங்க பாறை இடுக்குல காஞ்சிக்கினு கெடக்குது. சின்னசேலத்துல நீ மோட்டார் போட்டு வளக்குற. இலை கொழுக்கும், மருந்து கம்மியாயிடும்.”

“இந்த வாட்டி மென்னு பாத்துட்டுச் சொல்லுங்க.”

இதுவும் தேறாவிட்டால் நாளைக்கே கொடியைப் பிடுங்கிவிட்டு மக்காச்சோளம் போடுவதாக அவள் புருஷன் மாயவன் கெடு வைத்திருந்தான். எப்படியும் பிடுங்கப்போவதுதானே என்று ஒரு மாதமாக அந்தப் பக்கம் தண்ணீரே திருப்பவில்லை. இரண்டு வருஷம் பாடுபட்டு வளர்த்தவளுக்கு வயிறு எரிந்தது. இலையெல்லாம் சுருங்கி, பார்க்கவே பாவமாக இருந்தது. ஆனாலும் இன்றைக்குக் கலையரசி அசரவில்லை.

பாஷா ஒரு இலையை வாய்வரை கொண்டுபோனார். சட்டென்று நிறுத்தி, உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். “நிஷா! இங்க வந்து இத மெல்லு.”

“ஏன் பாய், நீங்களே பாருங்களேன்!”

“ஒரு இலைய மென்ன நாக்குல ஒரு மணி நேரத்துக்கு எத மென்னாலும் சர்க்கரை மண்ணுதாம்மா. அதான் எங்க வூட்ல மூட்டைக்கு ஒரு நாக்கு.”

கலையரசிக்கு முகம் வெளிறியது. அந்த மரத்த நாக்கை நம்பித்தானே அவள் அம்மாசிக்கு வழிவிட்டிருந்தாள்!

பாஷாவின் மனைவி அஸ்ரப் நிஷா வந்தாள். மென்றாள், துப்பினாள், சர்க்கரையை வாயில் போட்டாள். திருப்பித் தூக்கிக்கொண்டு போகத் தயாராக, கலையரசி மூட்டையின் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“மண்ணுங்க!” என்றாள் நிஷா. “இன்னும் கொஞ்சம் சர்க்கரை குடுங்க... ஊஹூம், இனிப்பே தெரியல.”

பாஷா வாயைப் பிளந்தார். “இன்னாம்மா பண்ணின? மலையவே சின்னசேலத்துக்குக் கொண்டாந்துட்டியா?”

கலையரசி அவசரமாகச் செல்போனை எடுத்து மாயவனைக் கூப்பிட்டாள்.

“ஏங்க, கொடிய தொட்டுராதீங்க! தண்ணியும் வுட்டுராதீங்க!”