வாட்ச்மேனுக்கு அனுமதி இல்லை

"வாட்ச்மேனுக்கு இதெல்லாம் எதுக்கு மேடம்?"

லேப்டாப்பைப் பிரின்சிபால் பக்கம் திருப்பினான் புரோகிராமர். பள்ளியின் வெப்சைட்டில் யார் யாருக்கு எந்தப் பக்கம் பார்க்க அனுமதி என்று சரிபார்க்கத்தான் அவனைக் கூப்பிட்டிருந்தார்கள். அவன் மகள் படிப்பதும் அங்கேதான், மூன்றாம் வகுப்பு. வேலையில் அவன் புலி. அதை அவனே நாலு பேரிடம் சொல்லியும் விடுவான்.

"வாட்ச்மேன் லாகின்ல விசிட்டர் பதிவேடு மட்டும்தான் தெரியணும். பிள்ளைங்க பக்கத்துக்குப் போற பட்டனை மறைச்சிருக்காங்க, அவ்வளவுதான். அந்தப் பக்கத்தோட அட்ரஸை டைப் பண்ணினா, யாரு என்னன்னு கேட்காமத் திறந்து விட்டுடுது. கதவுக்குப் பூட்டுப் போடாம ஸ்கிரீன் துணி தொங்கவிட்ட கதை!"

"யாராவது அப்படித் திறந்திருக்காங்களா?"

பதிவுகளைப் பார்த்தவனுக்கு முகம் சிவந்துவிட்டது. ஒரு மாதமாகத் தினமும் மூன்றரை மணிக்கு, வாட்ச்மேன் லாகினிலிருந்து, ஒரே ஒரு பிள்ளையின் பக்கம். அவன் மகளுடையது.

"இந்த ஆளை இன்னைக்கே வீட்டுக்கு அனுப்புங்க மேடம்!"

"முதல்ல அந்த ஓட்டையை அடைங்க. அப்புறம் விசாரிப்போம்."

மூன்றரை மணி பெல் அடிப்பதற்குள் அடைத்துவிட்டான். பிள்ளைகள் கூட்டம் கலைந்ததும் நேராக கேட்டுக்குப் போனான்.

"என் பொண்ணு பக்கத்துல உனக்கு என்னய்யா வேலை? அட்ரஸ் யார் குடுத்தா?"

வாட்ச்மேன் பதறவில்லை. சட்டைப் பையிலிருந்து மடித்த நோட்டுத் தாளை எடுத்து நீட்டினார். அதில் அந்த அட்ரஸ், கோணல்மாணலான பென்சில் எழுத்தில். அது யார் கையெழுத்து என்று அவனுக்குத் தெரியாதா என்ன?

"பாப்பாதான் சார். உங்க கம்ப்யூட்டரைப் பார்த்து எழுதிட்டு வந்துச்சாம். அந்தப் பக்கத்துல 'இன்று அழைத்துச் செல்பவர்'னு ஒரு வரி இருக்குல்ல?"

இருந்தது. காலையில் மகள் எதிரிலேயே அதில் 'அப்பா' என்று போடுவான். மதியம் ஏதாவது வேலை வந்துவிடும். 'வேன்' என்று மாற்றிவிடுவான்.

"பெல் அடிச்சதும் ஓடி வந்து, 'அப்பா மாத்திட்டாரா பாருங்க அங்கிள்'னு கேக்கும். பார்த்துச் சொல்லுவேன். மூஞ்சி வாடிடும். 'அப்பாவுக்கு அவசர வேலையாம், நாளைக்குக் கண்டிப்பா வர்றாராம்'னு நானா ரெண்டு வார்த்தை சேர்த்துச் சொல்லித்தான் வேன்ல ஏத்தி விடுவேன்."

புலி அந்தத் தாளைத் திரும்ப மடித்தது.

"இன்னைக்குப் பக்கம் திறக்கல சார். 'தெரியல பாப்பா'ன்னேன். அப்போ மாத்தியிருக்க மாட்டாருன்னு, வேனையும் போகச் சொல்லிட்டு, அதோ பையை மாட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கு."