ஏழாவது நொடி

கடலூரை வெள்ளம் சூழ்ந்த அன்று, உதவி மையத்துக்கு வந்த அழைப்புகளின் அறிக்கையைப் பார்த்துத்தான் ஆளில்லாப் படகுகள் ஓடின. மதியம், அறிக்கை தயாரிக்கும் சர்வருக்குள்ளேயே தண்ணீர் புகுந்துவிட்டது. அறுபது படகுகளும் நடுவெள்ளத்தில் நின்றன.

"பக்கத்துல வந்த படகு நின்னுடுச்சும்மா!" என்று மொட்டைமாடியிலிருந்து ஒருவர் போனில் கதறினார்.

ஆள் போதாததால் அப்போது அவரோடு போனில் பேசிக்கொண்டிருந்தவள், சர்வர்களைப் பராமரிக்கும் ஜெசிந்தா. ஓசூரில் மாற்று சர்வர் வேண்டுமென்று மூன்று வருடம் மேலாளரோடு மல்லுக்கட்டி வாங்கியவள் அவள்.

"பதறாதீங்கண்ணே, லைன்லயே இருங்க" என்றாள்.

படகுகள் நின்ற ஏழாவது நொடியில் ஓசூர் சர்வர் பொறுப்பேற்றது. ஓர் அழைப்புகூட விடுபடாமல் அறிக்கை திரையில் வந்தது.

"வருதும்மா, வருது!" என்றார் அவர். சற்று நேரத்தில், "புள்ளைங்கள ஏத்திட்டேன்!"

அறுபது படகுகளும் ஓடிக்கொண்டிருந்தன. ஜெசிந்தா நாற்காலிமேல் ஏறி விசிலடித்தாள். முதலில் பதில் விசில் அடித்தவர் மேலாளர்தான்.