தண்ணீர் பார்க்க வந்தவர்

“கிணத்துத் தண்ணி கொஞ்சம் எடுக்கலாமா, தங்கச்சி?”

வேலிப் படலையில் வெறும் போத்தலோடு நின்ற அம்மாளைக் கண்டதும், பாலசுந்தரி அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தாள்.

“வாங்க மிஸ், வாங்க! முன் ஒழுங்கையில நேத்தே அரசாங்க ஆக்கள் வந்து தண்ணி எடுத்துக்கொண்டு போனாங்களாம், சோதிச்சுப் பாக்க. எங்கள மட்டும் அயத்துப்போனாங்களோ எண்டு நினைச்சன்.”

அம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பாலசுந்தரி வாளியை இறக்கித் தண்ணீர் மொண்டுவிட்டாள். வாவிக்கரையில் ஆளுக்கொரு துண்டாகப் பிடித்துக் குடியேறிய மண் அது. கிணற்றுக்கும் கக்கூசுக் குழிக்கும் நடுவில் ஒரு முருங்கை மரம்தான் நின்றது.

“மோந்து பாருங்க மிஸ். மாரியில குழி நாத்தம், கோடையில உப்பு. சோறாக்கினா மஞ்சளிக்கும்.”

“குடிக்கிறதும் இதுதானா?”

“வேற? பைப்புக்குக் கேட்டா, காணிக்கு உறுதிப் பத்திரம் எங்க எண்டுறாங்க. தண்ணி கூடாது எண்டு நீங்க எழுதினாத்தான் பைப் வரும். நல்லாக் கூடாது எண்டு எழுதுங்க மிஸ்!”

அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “தன்ட வீட்டுத் தண்ணிய இப்பிடித் தூத்துற ஆள நான் கண்டதில்ல.”

“சிரிக்காதீங்க. என்ட மகள் றஞ்சிதாவுக்கு வந்த ரெண்டு சம்பந்தம் இந்தக் கிணத்தாலதான் தட்டிப்போச்சு. கலியாணம் முடிச்சா மாப்பிள்ளை இஞ்சதானே வந்து இருக்கணும்? நாளைக்கும் ஆரையம்பதியில இருந்து பொம்பள பாக்க வாறாங்க.” குரலைத் தாழ்த்தினாள். “கோயில் பைப்பில பிடிச்ச தண்ணியிலதான் அவங்களுக்குத் தேத்தண்ணி. ஆருக்கும் சொல்லிப்போடாதீங்க.”

“மறுகா உண்மை தெரியவந்தா?”

பாலசுந்தரி வாளியைக் கிணற்றுக்கட்டில் வைத்தாள்.

“அதுதான் மிஸ், நித்திரை இல்ல. வாற மாப்பிள்ளையும் ஒருத்தி பெத்த பிள்ளைதானே? இந்தத் தண்ணியக் குடுக்க எனக்கும் மனம் வருதில்ல.”

அம்மாள் போத்தலை நிரப்பி, இறுக்கி மூடினார்.

“பேர் எழுதல்லயா மிஸ்? மத்த வீட்டுப் போத்தலோட மாறிப்போகுமே!”

“மாறாது. நான் தண்ணி எடுத்தது இந்த ஒரு வீட்டிலதான். என்ட மகன் வந்து குடிக்கப்போற தண்ணி எப்பிடியெண்டு பாக்கத்தான் ஆரையம்பதியில இருந்து ஒரு நாள் முந்தி வந்தன்” என்றவர், பாலசுந்தரியின் ஈரக்கையைப் பிடித்துக்கொண்டார். “பைப் வரும்வரைக்கும் காய்ச்சிக் குடிப்பம். சம்பந்தியாகப்போறம்; இனி மிஸ் எண்டு கூப்பிடாதீங்க, மச்சாள் எண்டு கூப்பிடுங்க.”