பட்டெடுக்கப் போன இடத்தில்

"துப்பட்டாவ இழுத்து மூஞ்ச மூடுடி! யாராச்சும் பார்த்துத் தொலைச்சா கல்யாணம் கோவிந்தா!"

பெரிய ஆஸ்பத்திரி வாசலிலேயே மகள் இளவரசியை அதட்டினாள் கல்பனா.

மகளுக்குத் தைராய்டு. 'ஹார்மோன் டாக்டர்கிட்ட ஒரு தடவ காட்டிடுங்க' என்று உத்திரமேரூர் டாக்டர் சீட்டெழுதிக் கொடுத்துவிட்டார். அடுத்த மாசம் கல்யாணம்.

மாப்பிள்ளையின் அம்மா திலகா என்ன லேசுப்பட்டவளா! பெண் பார்க்க வந்த அன்றே, "நகை நட்டு உங்க இஷ்டம். பொண்ணுக்கு நோய்நொடி மட்டும் இருக்கக் கூடாது" என்று கறாராகச் சொன்னவள். கல்பனாவும், "தலைவலின்னு கூடப் படுத்ததில்ல" என்று கூசாமல் அளந்துவிட்டாள்.

"சொல்லிடலாமேம்மா. தெனம் ஒரு மாத்திர, அவ்ளோதானே?"

"வாய மூடு. யார் கேட்டாலும் பட்டுப்புடவ எடுக்க வந்தோம்னு சொல்லு."

ஹார்மோன் பிரிவுக்குள் நுழைந்த கல்பனா அப்படியே நின்றுவிட்டாள்.

எதிர் பெஞ்சில் திலகா! பக்கத்தில் மாப்பிள்ளை சுகுமார்!

போச்சு, எல்லாம் போச்சு. ஆனால் இவளைவிடத் திலகாவின் முகம்தான் அதிகமாக வெளிறிக் கிடந்தது.

"இன்னா சம்பந்தியம்மா, இங்க?"

"பட்டுப்புடவ எடுக்க..." உளறினாள் கல்பனா.

"நாங்களும் அதுக்குத்தான்..."

அந்த நேரம் பார்த்தா நர்ஸ் குரல் கொடுக்க வேண்டும்! "சுகுமாரு! இன்சுலின் ஒழுங்கா போட்டுக்கினு வரியாப்பா?"

திலகாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "சின்ன வயசுலேர்ந்தே இவனுக்கு சுகர் கீது சம்பந்தி. சொன்னா பொண்ணு தர மாட்டீங்களோன்னு..."

கல்பனாவுக்கு எங்கிருந்துதான் அப்படியொரு சிரிப்பு வந்ததோ! "அட, எம் பொண்ணுக்குத் தைராய்டு சம்பந்தி!" என்று போட்டு உடைத்தாள்.

திலகாவும் சிரித்துவிட்டாள். இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் வரிசையே திரும்பிப் பார்த்தது.

"நம்மள வுடு சம்பந்தி. புள்ளைங்களுக்கு இப்பதானே தெரியுது, மனசு ஒடஞ்சிடப் போவுது" என்றபடி கவலையோடு திரும்பினாள் கல்பனா.

பெஞ்சில் துண்டு போட்டுப் பிடித்து வைத்திருந்த இடத்தை இளவரசிக்குக் காட்டிக்கொண்டிருந்தான் சுகுமார்.

"இன்னா இளவரசி, இவ்ளோ லேட்டு? தைராய்டுக்கு ரத்தம் குடுக்கணும், ஃபர்ஸ்ட் பஸ்ஸுக்கே வந்துடுன்னு நேத்து போன்ல படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"