இறால் பெட்டியில் ஒரு பாட்டில்

பொன்னேரி பஸ் உறுமிக்கொண்டு நிற்கிறது. செசிலி இறால் பெட்டியின் ஐஸில் பாட்டில் வைக்கக் குழி பறிக்கிறாள். போன வருஷம் புருஷன் இஞ்ஞாசியின் மூத்திரப்பையில் வெட்டியெடுத்த புற்றுக்கட்டி மறுபடி முளைத்திருக்கிறதா என்று பட்டணத்து ஆஸ்பத்திரியில் மூத்திரத்தை வைத்தே பார்ப்பார்கள். ஏரிக்கரைப் படகுக்குப் பின்னாலிருந்து இஞ்ஞாசி வந்து பாட்டிலை நீட்டுகிறான். “சுத்தமா கீது மே.” பாட்டிலில் சூடே இல்லை. வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடிக்கிறாள். வெளிர்மஞ்சள் நீருக்குள் கண்ணாடி போன்ற இறால் குஞ்சொன்று துள்ளுகிறது. “ஏரித் தண்ணியாய்யா இது?” “மறுபடியும் கத்தி வெப்பாங்கோ மே.” அவள் பாட்டிலைக் கவிழ்த்து, காலியாக அவன் கையில் திணிக்கிறாள். அவன் அங்கேயே முதுகைக் காட்டி வெகுநேரம் நிற்கிறான். திரும்பாமலே பின்னால் நீட்டுகிறான். இந்தமுறை பாட்டில் சுடுகிறது. வெயிலுக்குத் தூக்கிப் பார்க்கத் தேவையில்லை. விரலிடுக்கில் சிவப்பாகத் தெரிகிறது. பாட்டிலைக் குழிக்குள் இறக்கி, இரண்டு கையாலும் ஐஸை அள்ளி மூடுகிறாள்.