ஐந்து தளங்களில் ஒரு வரி

நோயாளி எண்ணைத் தவறாகத் தட்டினால், மருத்துவமனையின் ஐந்து இணையதளங்களில் நான்கு 'தவறான எண்' என்று சிவப்பில் காட்டும். இரத்தப் பரிசோதனைத் தளம் மட்டும், 'பரவாயில்லை, நிதானமாக இன்னொரு தடவை பாருங்கள்' என்று சொல்லும். அதை எழுதிய அமலன் போன தவக்காலத்தில் இறந்துபோனான். தோசை கருகினாலும் மனைவி ஸ்டெல்லாவிடம் அவன் அப்படித்தான் சொல்வான். இப்போது வீட்டில் அதைச் சொல்ல யாருமில்லை.

தளங்களை ஒன்றுபோல் ஆக்கும் வேலை, அதே மருத்துவமனையின் கணினிப் பிரிவில் இருந்த அவளிடமே வந்தது. "அஞ்சும் ஒரே ஆஸ்பத்திரிதானேம்மா? நாலு அதிகாரி மாதிரி பேசுது, ஒண்ணு மாமன் மாதிரி கொஞ்சுது. எல்லாத்தையும் ஒண்ணாக்கிடும்மா," என்றார் புதிதாக வந்திருந்த மேலாளர் குருபரன்.

அந்த வரியை அழிக்க அவளுக்குக் கை வரவில்லை. ஒவ்வொரு தளத்தையும் ஒவ்வொரு குழு பார்த்துக்கொண்டது. நான்கு குழுக்களிடமும் போய், "இதையே நீங்களும் போட்டுக்கிறீங்களா?" என்று கேட்டாள். யாரும் காரணம் கேட்கவில்லை. "குடுங்கக்கா," என்று வாங்கிக்கொண்டார்கள்.

குருபரன் ஒவ்வொரு தளத்திலும் வேண்டுமென்றே தவறான எண்ணைத் தட்டிப் பார்த்துச் சிரித்தார். "அஞ்சையும் மாமனாக்கிட்டியே! யாரும்மா இதை எழுதினது?"

"எங்க வீட்டுக்காரர் சார். இப்ப அவர் இல்ல."

அவர் சிரிப்பு நின்றது. அவள் உட்கார ஒரு நாற்காலியை நகர்த்திப்போட்டுவிட்டு, திரை அவளுக்கும் தெரியும்படி திருப்பி, இன்னொரு தவறான எண்ணை மெதுவாகத் தட்டத் தொடங்கினார்.