அக்கரைக்கு ஒரு மோட்டார்

"சத்தமே வராத பேரிங்கு இருக்குதா அம்மிணி?"

கொல்லங்கோடு பஸ் ஸ்டாண்டை ஒட்டிய அந்தப் பேரிங் கடையில் அப்போது வேறு ஆள் இல்லை. முதலாளி சாப்பிடப் போயிருந்தார். மேஜைக்குப் பின்னால் நின்ற மௌனிகா, உள்ளே வந்தவரை ஒரு கணம் பார்த்துவிட்டு, "எதுல போடறதுக்குங்க?" என்று கேட்டாள்.

குப்பண்ணன் தோளில் சுமந்து வந்த நீளமான பைப்பையும், அதற்குள் நுழைகிற இரும்புத் தண்டையும் சுவரில் சாய்த்து வைத்தார். முதலமடையில் மாந்தோப்பு வைத்திருப்பவர். வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். முழங்கை வரை கிரீஸ்.

"படகுக்கு மோட்டாரு பண்றேன். மாமரத்துக்கு மருந்தடிக்கிற என்ஜின் ஒண்ணு சும்மா கெடந்துது. அதுல இந்தத் தண்டை மாட்டி, முனையில தண்ணியத் தள்ற பங்கா வெச்சா, டேமுல சேறு பாசின்னு பாக்காம ஓடுமாம். போன்ல வீடியோ பாத்தேன்."

"பேரிங்குல இருந்து சத்தம் வராதுங்க. என்ஜின்தான் கத்தும். டேம் பூராக் கேக்குமுங்க."

குப்பண்ணனின் முகம் வாடியது. "அப்ப நல்லதாப் பாத்துக் குடு. ரெண்டு முனைக்கும் பால் பேரிங்கு."

"மேல்முனையப் பொறவு பாக்கலாமுங்க. கீழ்முனை தண்ணிக்குள்ள கெடக்குமுங்களே?"

"சீல் வெச்சது குடு."

"சீல் வெச்சாலும் சேறு உள்ள போயிருமுங்க. உருண்டையெல்லாம் துருப்புடிச்சு இறுகிக்கும். உங்க தோட்டத்து போர் மோட்டாரு தண்ணிக்குள்ளதான ஓடுது? அந்தப் பம்புல உருண்டை இல்லாத வெறும் வளையம், புஷ்தானுங்க இருக்கும். தண்ணியே அதுக்கு எண்ணெய் மாதிரி."

வெண்கலம் போன்ற கன்மெட்டல் புஷ் ஒன்றையும் ரப்பர் புஷ் ஒன்றையும் எடுத்து மேஜையில் வைத்தாள். குப்பண்ணன் மஞ்சளாக மின்னிய கன்மெட்டலைக் கையில் தூக்கிப் பார்த்தார்.

"இதுதான் கெட்டியா இருக்குது."

"தெளிஞ்ச தண்ணின்னா அது போதுமுங்க. சேத்துல ஓட்டுனா மணல் மாட்டி, தண்டையே அரம் போட்ட மாதிரி தேச்சுப்போடும். இந்த ரப்பர்ல விரலை விட்டுப் பாருங்க."

விட்டுப் பார்த்தார். உள்ளே வரிவரியாகப் பள்ளம்.

"மணல் அந்தப் பள்ளத்துல வழுக்கி வெளிய போயிருமுங்க. தண்டு நீளம்ங்கறதால நடுவுலயும் ஒண்ணு போடோணும். இல்லீன்னா வேகமாச் சுத்தறப்ப சாட்டையாட்ட ஒதறும். மேல்முனைக்கு டேப்பர் பேரிங்கு ஜோடியாப் போடுங்க. பங்கா தள்ளற தள்ளு பூராத்தையும் அது வாங்கிக்கும். என்ஜினுக்கு அடிபடாது."

"இத்தனையும் எதுக்கு? எனக்கு ஒரே ஒரு தடவ அக்கரைக்குப் போனாப் போதும்."

தண்டின் பருமனை அளந்துகொண்டிருந்த மௌனிகாவின் கை நின்றது. "அக்கரைக்குத்தான் சுத்தி ரோடு போகுதுங்களே. பஸ்ஸே இருக்குதுங்க."

குப்பண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பஸ்ஸு அங்க டீக்கடை முன்னால நிக்கும். அந்த டீக்கடையிலதான், பத்துப் பேரு முன்னால, இனி அந்த ஊட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்னு சொல்லிப்போட்டு வந்தேன். படகுல போனா ஊட்டுக்குப் பொறகால எறங்கிக்கலாம். வாசப்படிய மிதிச்ச மாதிரியும் ஆவாது."

மௌனிகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். "அப்படி யாரு ஊடுங்க அது?"

"எம் பையன் அருள்குமாரு. எங்களுக்குச் சொல்லாமக் கல்யாணம் பண்ணிக்கிட்டான். கோவத்துல பேசிட்டேன். இப்பப் பேத்தி நடக்குதாம். ஊர்ல பாதிப் பேரு பாத்துட்டு வந்து எங்கிட்டயே சொல்றாங்க, என்ற சாடையா இருக்குதுன்னு. நான் இன்னும் பாக்கல."

மௌனிகா குனிந்து ரப்பர் புஷ்களைப் பெட்டியில் போட்டாள். போட்டதையே மறுபடி எடுத்துத் துடைத்துப் போட்டாள்.

"அப்ப ரப்பர் புஷ்தானுங்க. நடுத்தண்ணியில மோட்டாரு நின்னுரக்கூடாது. அப்புறம், ஒரு தடவைக்குன்னு பண்ணாதீங்க. கொழந்தை உங்களைப் பாத்துப் பழகிட்டா அடுத்த வாரமும் தேடும்."

குப்பண்ணன் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு தரையைப் பார்த்தபடி சொன்னார்:

"கொழந்தை சரி. அவன் ஊட்டுக்காரி இருக்கறாளே, அவளப் பத்தி நான் பேசாத பேச்சில்ல. எல்லாம் அவ காதுக்குப் போயிருக்கும்."

"போயிருக்குமுங்க."

"எந்த மொகத்தோட போய் நிக்கறது?"

"படகு கட்டிக்கிட்டு வர்றவங்ககிட்ட யாருங்க பழசைக் கேப்பாங்க?"

"சத்தம் கேட்டு ஊரே கரைக்கு வந்து நிக்குமே அம்மிணி?"

"நிக்கட்டுமுங்களே."

குப்பண்ணன் யோசித்தார். "நிக்கட்டும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எழுந்தார்.

டேப்பர் பேரிங்குகளையும் புஷ்களையும் அவள் தனித்தனியாகத் தாளில் சுற்றி, எது மேலே, எது நடுவே, எது கீழே என்று எழுதிக் கொடுத்தாள். அவர் பையை வாங்கிக்கொண்டார். பைப்பையும் தண்டையும் தோளில் ஏற்றிக்கொண்டு கடைப்படி வரை போனவர், அங்கேயே நின்று திரும்பினார்.

"ஞாயித்துக்கெழமை கடை லீவுதான? நீ ஊட்டுல இருப்பியா மருமவளே?"

"இருப்பேனுங்க மாமா," என்றாள் மௌனிகா. "பாப்பாவையும் தூங்க விடாம வெச்சிருக்கறேன்."